இடம் மாறினால் கெடும் கிளாஸ்: வேரியபிள் குறிப்பு வழியே பிழை தேடும் முறை

கடலூரில் ஒரு முந்திரி வியாபாரிக்காக எழுதிய பில் கிளாஸை (பில்லுக்கான விவரங்களையும் கணக்கையும் சேர்த்துக் கட்டிய கோடுத் துண்டு), இரண்டு வருடம் கழித்து புதுச்சேரியில் ஒரு கடைக்கு எடுத்துப் போட்டோம். கடலூரில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத கிளாஸ் அது. இங்கே வந்த முதல் மாதமே ஆடிட்டரிடமிருந்து போன்.

"தம்பி, உள்ளூர் பில்லுக்கெல்லாம் ஐஜிஎஸ்டி போட்டிருக்கீங்க. கடலூர் போற சரக்குக்கு ரெண்டா பிரிச்சிருக்கீங்க. யாருப்பா இத எழுதுனது?"

நான்தான். கோடில் ஒரு வரிகூட மாற்றாமல் அப்படியே கொண்டுவந்திருந்தேன். அதனால்தான் தப்பு.

ஒரே இடத்தில் ஓடும்போது கிளாஸுக்குத் தேவையான பாதி விஷயம் எழுதினவன் தலையில் இருக்கும். எந்த அலகு, எது காலியாக வரலாம், யார் மாற்றலாம் என்பதெல்லாம். கிளாஸைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது தலை கூட வராது. வேரியபிளுக்கு மேல் எழுதும் நாலு வரிக் குறிப்பின் வேலை அந்தப் பாதியை இறக்கி வைப்பதுதான். அது இல்லாவிட்டால் என்னென்ன மாதிரி உடையும், உடைந்ததைப் பார்த்து எந்த வேரியபிளில் கை வைக்க வேண்டும் என்பதை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ நேரே அங்கே போங்கள்.

வேரியபிள் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். பைத்தான் 3, ஜாவா இரண்டிலும் அப்படியே வைத்தாலும் ஓடும். ஆபீஸில் யாரும் வைப்பதில்லை, நானும்தான்.

அறிகுறி: பழைய இடத்தில் சரி, புதிய இடத்தில் தலைகீழ்

மேலே சொன்ன ஜிஎஸ்டி கதைதான். கிளாஸில் இருந்த வரி இது:

மாநிலம் = 33 // மாநிலக் குறியீடு

33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அதுதான். விற்பவரின் மாநிலமும் சரக்கு போய்ச் சேரும் மாநிலமும் ஒன்றென்றால் சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று பாதிப் பாதி. வேறு வேறு என்றால் முழுக்க ஐஜிஎஸ்டி. (புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். ஆனால் சட்டமன்றம் உள்ள பிரதேசம் என்பதால் யூனியன் பிரதேசங்களுக்கான யூடிஜிஎஸ்டி வராது, எஸ்ஜிஎஸ்டிதான். இதையே பாதிப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

புதுச்சேரிக் கடையில் இந்த 33 அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளூர் வாடிக்கையாளரின் 34-ஐ 33-உடன் ஒப்பிட்டு "வெளி மாநிலம்" என்றது. கடலூர்க்காரரின் 33-ஐ 33-உடன் ஒப்பிட்டு "உள்ளூர்" என்றது. ஒப்பிடும் மெத்தடில் (கிளாஸுக்குள் வேலையைச் செய்யும் பகுதியில்) பிழையே கிடையாது. டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். டெஸ்ட் எழுதியவனும் கடலூரில் உட்கார்ந்துதானே எழுதினான்.

இந்த மாதிரித் தலைகீழ் வந்தால் மெத்தடைத் தோண்டாதீர்கள். மதிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கும் எல்லா ஃபீல்டையும் (கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளையும்) பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது உலகத்துக்கே பொது உண்மையா, அல்லது முதல் வாடிக்கையாளரின் விலாசமா? 33 விலாசம்.

கமெண்ட் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. பெயர் சொன்னதையே அதுவும் சொன்னது. ஒரு பில்லில் மூன்று மாநிலம் உண்டு: விற்பவர் பதிவு செய்த மாநிலம், வாங்குபவர் பதிவு செய்த மாநிலம், சரக்கு போய் இறங்கும் மாநிலம். பில் ஒருவர் பேரில், சரக்கு இன்னொருவர் வீட்டில் என்றால் அதற்குத் தனி விதி வேறு. இதில் எது "மாநிலம்"? எழுதிய எனக்கே கோடைப் படித்துத்தான் தெரிந்தது. இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

/** விற்பவரின் ஜிஎஸ்டி பதிவு உள்ள மாநிலம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் 2 இலக்கம், எழுத்துச் சரமாக ("01"-இன் பூஜ்யம் விழக்கூடாது).
* டீஃபால்ட் கிடையாது. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தே ஆக வேண்டும்.
* சேருமிட_மாநிலத்தோடு மட்டும் ஒப்பிடவும். வாங்குபவரின் பதிவு மாநிலத்தோடு அல்ல. பில் ஒருவர் பேரில், சரக்கு இன்னொருவர் வீட்டில் என்றால் மட்டும் தனி விதி. */
விற்பவர்_மாநிலம்

எழுதும்போதே பெயர் மாறியதைக் கவனியுங்கள். குறிப்பை நேர்மையாக எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் பெயர்தான் முதலில் மாறும். "டீஃபால்ட் கிடையாது" என்று எழுதியதும் அந்த 33-ஐ அழிக்க வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதே.

இதோடு முடியவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வாடிக்கையாளரிடம் மாநிலம் கேட்க வேண்டாமே, பின்கோடை வைத்தே கண்டுபிடிக்கலாமே என்று ஒரு வேலை செய்தார். 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர். தினம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற எனக்கே அது சரி என்றுதான் பட்டது. ஆனால் விழுப்புரமும் 605-தான், ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. அந்தப் பக்கம் முள்ளோடை தாண்டி வரும் கிருமாம்பாக்கம் 607, ஆனால் புதுச்சேரி. காரைக்கால் 609, ஏனாம் 533, மாஹே 673. பின்கோடு தபால் துறை தன் வசதிக்குப் போட்ட கோடு, மாநில எல்லைக்கும் அதற்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பின்கோடு வேரியபிளுக்கு மேல் இப்போது ஒரே வரி: "மாநிலத்தை இதிலிருந்து ஊகிக்காதே. 605, 607, 609 மூன்றும் இரு பக்கமும் உண்டு." எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதும் குறிப்பு, எதற்கு என்று எழுதும் குறிப்பைவிடப் பல நேரம் அதிகம் உழைக்கும்.

அறிகுறி: தொகையோ நேரமோ நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு

1,250 ரூபாய் பில் 1,25,000 என்று வந்தால் ஒருவர் காசில் கொடுத்து இன்னொருவர் ரூபாயில் வாங்கியிருக்கிறார். பணம் வாங்கும் சேவைகள் பல, தொகையைக் காசில்தான் கேட்கும்.

ஆயிரம் மடங்கு என்றால் நேரம். ஜாவாவில் தூங்கச் சொன்னால் மில்லி விநாடி, பைத்தானில் விநாடி. ஜாவா கிளாஸில் இருந்த 30000-ஐ அப்படியே பைத்தானுக்குக் கொண்டுபோனால், அரை நிமிடம் காத்திருக்க வேண்டியது 8 மணி 20 நிமிடம் காத்திருக்கும். சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து மூன்று முறை ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள். அது தொங்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி செய்வது எளிது: அலகைக் குறிப்பில் மட்டும் வைக்காமல் பெயரிலேயே வையுங்கள். தொகை_காசு, காத்திருப்பு_மிவி. ஃபீல்டின் தலையில் இருக்கும் குறிப்பு, நூறு வரி தள்ளி அந்த வேரியபிள் பயன்படும் இடத்தில் கண்ணில் படாது. பெயர் படும்.

மாதம் ஒன்று குறைந்து வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் தேதியைப் பாருங்கள். அதற்கு ஜனவரி 0.

அறிகுறி: எண் நம்பும்படி இருக்கிறது, கிடங்கில் சரக்கு இல்லை

மேலே சொன்னது சுலபம், நூறு மடங்கு என்றால் கண்ணை உறுத்தும். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றால் உறுத்தாது. அதுதான் மோசம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை வாங்கும்போது அவுட்டர்ன் என்று ஒரு எண் சொல்வார்கள். நம்மிடம் இருந்த சரக்குக் கிளாஸில்:

அவுட்டர்ன் = 48 // அவுட்டர்ன்

இதைப் புதிய ரிப்போர்ட்டுக்கு எடுத்தவர் 48 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். 100 மூட்டை, மூட்டைக்கு 80 கிலோ, மொத்தம் 8,000 கிலோ கொட்டை, அதில் 48 சதவீதம் 3,840 கிலோ பருப்பு என்று ரிப்போர்ட் அழகாக வந்தது. முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னப்பா, நூறு மூட்டைக்கு இவ்ளோ பருப்பு வந்தா நான் ஏன் இன்னும் இந்த ஷெட்ல உக்காந்திருக்கேன்?"

அவுட்டர்ன் 48 என்றால், 80 கிலோ மூட்டை ஒன்றை உடைத்தால் 48 பவுண்டு பருப்பு. கொட்டை கிலோவில், பருப்பு பவுண்டில். உலகச் சந்தைப் பழக்கம் அது, யாரோ ஆரம்பித்து இன்றுவரை ஓடுகிறது. 48 பவுண்டு 21.77 கிலோ. 100 மூட்டைக்கு 2,177 கிலோ, அதாவது 27 சதவீதம் சொச்சம். ரிப்போர்ட் 1,600 கிலோவுக்கு மேல் காற்றை விற்றுக்கொண்டிருந்தது.

பருப்பின் தரத்திலும் இதே கண்ணி இருக்கிறது. டபிள்யூ 320 என்பதில் உள்ள 320 விலையும் அல்ல, எடையும் அல்ல. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் என்று பொருள். டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலை அதிகம். இதை ஏறுவரிசையில் அடுக்கி "உயர்ந்த தரம் கடைசியில்" என்று காட்டிய திரையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ பாக்கெட்டில் 320 பருப்பு என்று கணக்குப் போட்ட கோடையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு எண் எதற்கு எத்தனை என்ற விகிதமாக இருந்தால் குறிப்பில் இரண்டு அலகையும் எழுத வேண்டும், கூடவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும்:

/** 80 கிலோ மூட்டைக்குக் கிடைக்கும் பருப்பு, பவுண்டில். சதவீதம் அல்ல.
* உதாரணம்: 48 என்றால் 21.77 கிலோ, கொட்டை எடையில் 27.2%. */

அந்த உதாரண வரிதான் உயிர். விளக்கத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தாண்டுகிறவர்கூட 27.2-ஐப் பார்த்ததும் நின்றுவிடுவார்.

அறிகுறி: படகு பனிக்கட்டிக்குப் போய்விட்டது

வரைபடத்தில் தேவனாம்பட்டினத்துப் படகு நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் நிற்கிறதா? அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. கடலூர் வடக்கு 11.75, கிழக்கு 79.77. திருப்பிப் போட்டால் துருவத்துக்குப் பக்கம். கூகுள் வரைபடத்தில் பேசும்போது அட்சரேகை முன்னால், வரைபடத் தகவலை எழுதும் வடிவமான ஜியோஜேசானில் தீர்க்கரேகை முன்னால். இரண்டு எண் கொண்ட அரேயாக ஃபீல்டு இருந்தால் "[தீர்க்கம், அட்சம்]" என்று வரிசையை எழுதுங்கள். முடிந்தால் அரேயை விட்டுவிட்டுப் பெயரிட்ட இரண்டு ஃபீல்டாக்குங்கள்.

அறிகுறி: "இல்லை" என்று காட்டுகிறது, உண்மையில் "தெரியவில்லை"

இதில்தான் எனக்குப் பயம் அதிகம், அதனால் சற்று நிதானமாக.

மீனவர்களுக்கான ஒரு சின்ன செயலியில், துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைக் காட்டும் கிளாஸ் ஒன்று. ஃபீல்டு முழு எண். தகவல் வரும் இணைப்பு அறுந்தால் ஃபீல்டு துவக்க மதிப்பிலேயே நிற்கும். துவக்க மதிப்பு 0. திரையில் 0 என்றால் "எச்சரிக்கை இல்லை" என்று பச்சையில் வரும். எழுதியவருக்கு இது தெரியும், அதனால் அவருடைய திரையில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" என்று பக்கத்திலேயே இன்னொன்றைக் காட்டியிருந்தார். அதே கிளாஸை எடுத்து வேறு திரை கட்டியவர் அந்த நேரத்தைக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கிளாஸ் சொல்லவில்லை. காற்று பலமாகும் நேரத்தில்தான் இணைப்பும் அறும் என்பதை 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கூண்டு ஏற்றுகிறவர்கள் இதைக் கம்ப்யூட்டருக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். எண்கள் 1 முதல் 11 வரை. 10 வரை புயலின் தீவிரமும் திசையும். 11 என்றால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். "தெரியவில்லை" என்பதற்குத் தனியாக ஒரு எண். கம்பத்தில் இருந்த அந்த வித்தியாசத்தை நம் கோடில் நாம் தொலைத்துவிட்டோம்.

பிழையைத் தேட: பூஜ்யம், காலிச் சரம், நல் (null, மதிப்பே இல்லாத நிலை), மைனஸ் 1 என்று நிற்கக்கூடிய ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து, அந்த மதிப்பு வரும்போது திரையில் என்ன எழுத்து தோன்றுகிறது என்று ஓட்டிப் பாருங்கள். "இல்லை" என்று தோன்றும் எல்லா இடமும் சந்தேகத்துக்குரியது. பிறகு குறிப்பு:

/** இப்போது ஏற்றியிருக்கும் கூண்டு எண், 1–11.
* 0: இறக்கப்பட்டது என்று தகவல் வந்தது.
* நல்: தகவலே வரவில்லை, அல்லது 30 நிமிடத்துக்கு மேல் பழசு. இதை 0-ஆகக் காட்டக் கூடாது.
* 11-உம் தொடர்பு முறிவுதான், ஆனால் துறைமுகத்தின் தொடர்பு. நல் என்பது நம் தொடர்பு. */

காலி என்பதற்கு உங்கள் கிளாஸில் ஒரே அர்த்தம்தான் என்றால் அதையும் எழுதுங்கள். தள்ளுபடி ஃபீல்டு நல் என்றால் "இன்னும் கேட்கவில்லை"யா, "கிடையாது"வா என்று தெரியாமல் நான் ஒரு பிற்பகலையே தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: நாலாம் டேபிள் ஆர்டர் ஏழாம் டேபிள் பில்லில்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு உணவகத்துக்கு எழுதியது. பைத்தான். ஆர்டர் கிளாஸின் மேலேயே பொருட்கள் = [] என்று இருந்தது. முதலில் எழுதியவர் பார்சல் கவுண்டருக்காக எழுதினார். அங்கே ஒரு நேரத்தில் ஒரு ஆர்டர்தான், பில் முடிந்ததும் லிஸ்ட் காலியாகும், அதனால் தெரியவில்லை. டேபிள் சேவைக்கு வந்ததும் எல்லா ஆப்ஜெக்டும் (கிளாஸை வைத்து உருவாக்கும் ஒவ்வொரு ஆர்டரும்) ஒரே லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டன. கிளாஸ் உடம்பில் வைத்த லிஸ்ட் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது. கன்ஸ்ட்ரக்டருக்குள் செல்ஃப் போட்டு வைத்தால்தான் ஆளுக்கொன்று. ஜாவாவில் ஸ்டேட்டிக் என்று போட்டால் இதே கதை.

வேண்டுமென்றே பொதுவாக வைத்த வேரியபிளும் உண்டு, பில் எண் ஓட்டம் மாதிரி. அதை "எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது, வேண்டுமென்றே" என்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் நல்லெண்ணத்தோடு வரும் ஒருவர் அதைச் "சரி" செய்துவிட்டுப் போவார்.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது: கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிய லிஸ்ட்டை நகல் எடுத்தீர்களா, அப்படியே பிடித்துக்கொண்டீர்களா? கொடுத்தவர் வெளியே மாற்றினால் உள்ளேயும் மாறுமா? ஒரு வரி போதும்: "நகல் எடுக்கவில்லை, கொடுத்தவர் மாற்றினால் இங்கேயும் மாறும்."

அறிகுறி: சின்ன அளவில் ஓடுகிறது, பெரிய அளவில் உடைகிறது

வேரியபிளின் எல்லை எங்கேயும் எழுதப்படவில்லை என்று பொருள். எல்லையை எழுதுவதோடு, ஏன் அந்த எல்லை போதும் என்று நினைத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். இந்த "ஏன்" இல்லாததற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் குரூ ஏவுதளம். (புதுச்சேரிக்காரருக்கு ஏதோ சொந்தக்கார ஊர் மாதிரி ஒலிக்கும்.) முதல் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஏறத்தாழ 40 விநாடியில் திசை தவறி உடைந்து சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு வேரியபிளை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், மதிப்பு 32,767-ஐத் தாண்டியது. ஏரியான் 5-இன் பாதையில் கிடைவேகம் சீக்கிரமே அதிகமாகும். பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு தூரம் போகவே போகாது.

ராக்கெட் வெடித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியம் விசாரணைக் குழு எழுதிய ஒரு விவரம். இப்படி உடையக்கூடிய வேரியபிள்கள் 7 இருந்தன. 4-க்குப் பாதுகாப்பு போட்டார்கள், 3-ஐ விட்டார்கள். கவனக்குறைவால் அல்ல, மதிப்பு அவ்வளவு போக வழியில்லை என்று யோசித்து, பேசி முடிவெடுத்து விட்டார்கள். ஆனால் அந்தக் காரணம் சோர்ஸ் கோடில் எங்கும் இல்லை. மலைபோல் இருந்த வேறு ஆவணங்களுக்குள் கிடந்தது. எடுத்துப் பயன்படுத்தியவர்கள் பார்த்தது வெறும் வேரியபிளை.

நம் டோக்கன் எண் ஃபீல்டுக்கு ராக்கெட் மரியாதை தேவையில்லை. ஆனாலும் இந்த அளவாவது:

/** ஒரு நாளின் டோக்கன் எண், 1–999. மூன்று இலக்கம் போதும் என்றதற்குக் காரணம்: இந்தக் கடையில் ஒரே கவுண்டர், தினமும் நள்ளிரவில் 1-க்குத் திரும்பும். இரண்டாவது கவுண்டர் வந்தால் மறுபடி யோசி. */

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். எந்த நிலைமை மாறினால் இந்த எல்லை செல்லாது என்று அது சொல்கிறது. கிளாஸை வேறு இடத்துக்கு எடுத்துப் போகிறவர் தேடுவது அதைத்தான்.

அறிகுறி: குறிப்பு இருக்கிறது, பொய் சொல்கிறது

1,000 ரூபாய்க்கு 5 சதவீதம் வரி 50 காசு என்று வந்தது. குறிப்பைப் பார்த்தேன்: "வரி_விகிதம்: சதவீதம், 5 என்றால் 5%". கணக்கும் நூறால் வகுக்கிறது, சரி. ஆனால் ஃபீல்டில் இருந்தது 0.05. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் பார்த்தால் குறிப்பு வரி ஒரு வருடப் பழசு, மதிப்பு வரி போன மாதம். மதிப்பை மாற்றியவர் பெயரும் தெரிந்தது. என் பெயர்தான். யாரிடம் கத்துவது.

குறிப்பும் கோடும் முரண்பட்டால் எது சரி என்று ஊகிக்காதீர்கள். இரண்டு வரியின் தேதியையும் பாருங்கள், பிறகு அந்த ஃபீல்டை அழைக்கும் இடங்களை எண்ணுங்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதற்கு மற்றதை வளைப்பது பாதுகாப்பு. அதன்பின், குறிப்பில் சொல்லும் எல்லையைக் கன்ஸ்ட்ரக்டரிலும் ஒரு சோதனையாகப் போடுங்கள்: 0 அல்லாத விகிதம் 0.1-க்குக் கீழே வந்தால் உடனே பிழை எறி. குறிப்பு தூங்கும், சோதனை தூங்காது. ஆனால் சோதனை மட்டும் போட்டு "0.1" எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் விட்டால், அடுத்தவருக்கு அதுவே ஒரு புதிர்.

அறிகுறி: எழுதினேன், எடிட்டரில் தெரியவில்லை

ஜாவாவில் சாய்கோடும் இரட்டை நட்சத்திரமும் வைத்துத் தொடங்கும் குறிப்பைத்தான், குறிப்புகளிலிருந்து ஆவணப் பக்கம் உருவாக்கும் ஜாவாடாக் எடுக்கும். இரண்டு சாய்கோடு போட்டது அதற்குக் கண்ணுக்கே தெரியாது. ஜேடிகே 23 முதல் மூன்று சாய்கோடு போட்டு மார்க்டவுனாகவும் எழுதலாம். வேரியபிள் பிரைவேட் என்றால் உருவாக்கப்படும் பக்கத்தில் வராது. ஜாவாடாக் தானாகக் காட்டுவது பப்ளிக், புரொடெக்டெட் இரண்டையும்தான். வேரியபிளை வெளியே யாரும் தொடப்போவதில்லை என்றால் அந்தத் தகவலை கெட் மெத்தடின் குறிப்பில் சொல்லுங்கள், வாங்குகிறவர் பார்ப்பது அங்கேதான்.

பைத்தானில் ஹாஷ் போட்ட கமெண்ட் ஓடும்போது இருக்காது. பைத்தானுக்கு ஆவணப் பக்கம் உருவாக்கும் ஸ்பிங்க்ஸுக்கு ஹாஷுக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும், அல்லது ஃபீல்டுகளைக் கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்கில் (தொடக்கத்தில் மேற்கோளுக்குள் எழுதும் விளக்கத்தில்) ஒவ்வொன்றாக எழுத வேண்டும். 3.6-இல் வேரியபிளுக்கு வந்த டைப் குறிப்பு, எண்ணா சரமா என்று சொல்லிவிடும். காசா ரூபாயா என்பதை அது சொல்லாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அறிகுறி: தமிழில் எழுதிய குறிப்பு கேள்விக்குறியாகிவிட்டது

எங்கள் குழுவில் வியாபார விவரங்களைத் தமிழில்தான் எழுதுகிறோம். "மூட்டை", "கூலி", "கழிவு" இவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுக்கிறார்கள். ஒரு விண்டோஸ் கணினியில் மட்டும் எல்லாம் பெட்டியும் கேள்விக்குறியுமாக வந்தது. கோப்பு யூடிஎஃப்-8-இல் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால் ஜாவா பதிப்பைப் பாருங்கள். ஜேடிகே 18-க்கு முன்பு கம்பைலரும் ஜாவாடாக்கும் கணினியின் சொந்த எழுத்துமுறையைத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். 18 முதல் அதுவே டீஃபால்ட். அந்தக் கணினியில் இருந்தது 8. கேள்விக்குறியாகவே சேமித்துக் கமிட்டும் செய்திருந்தால் எழுத்துகள் போனதுதான். கிட்டில் முந்தைய கமிட்டிலிருந்து அந்தக் கோப்பை மீட்டெடுத்து, கோடு மாற்றங்களை மட்டும் அதன்மேல் மறுபடி போடுங்கள்.